மஞ்சள் டப்பாவில் பதினொரு தப்பு

என் பக்கத்து வகுப்பு மெகருவுக்கு,

நீ போன பிறகு பத்தாவது ‘பி’ பிரிவை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று எச்.எம். கூப்பிட்டு, “விஜயா, திருப்புதல் தேர்வு வருது, ‘ஏ’யோட சேத்து ‘பி’ சயின்ஸையும் நீங்களே பாத்துக்குங்க” என்றார். கூடவே உன் அலமாரிச் சாவியும். நான் வாங்கிக்கொண்டேன். அழுதேன்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்குள் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இனிமேல் அந்த நாற்பது பேரும் என் பிள்ளைகள்.

உன்மேல் எனக்கு எவ்வளவு பொறாமை என்று உனக்குத் தெரியுமா? ஒரு சுவர்தான் நடுவில். இந்தப் பக்கம் நான் தேர்வுக்கு முக்கிய வினாக்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, மூன்று தரம் படிக்க வைத்து, ஒவ்வொருத்தியாக ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் உன் வகுப்பில் மேசை தட்டுகிற சத்தம், கூச்சல், சிரிப்பு. என் பிள்ளைகளின் கண் புத்தகத்தில் இருக்கும், காது சுவரில் இருக்கும். ஒருநாள் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: “மிஸ், நாம எப்ப டப்பா ஆடுவோம்?”

அந்த மஞ்சள் பிஸ்கட் டப்பா. தம்போலா மாதிரிதான் என்று எனக்கும் தெரியும். தாளை ஒன்பது கட்டமாக மடித்து, பலகையில் இருக்கும் விடைகளில் பிடித்த ஒன்பதை எழுதிக்கொள்வார்கள். நீ டப்பாவிலிருந்து சீட்டை எடுத்துக் கேள்வியையும் விடையையும் வாசிப்பாய். இருப்பவள் அடிப்பாள். இதற்கு என்ன இவ்வளவு ஆரவாரம் என்று எனக்கு விளங்கவேயில்லை. நானும் ஒருமுறை ‘ஏ’ பிரிவில் ஆடிப் பார்த்தேன், உன்னிடம் சொல்லவில்லை. பத்தே நிமிடத்தில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள்.

ஆசிரியர் தினத்தன்று எனக்கும் பூ தருவார்கள். உனக்குத் தருவதற்கு வரிசை நிற்கும். சைதாப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து நின்றால், “மெகரு மிஸ்!” என்று ஓடிவந்து, அப்புறம் என்னைப் பார்த்து, “குட் ஈவினிங் மிஸ்” என்பார்கள். மயிலாப்பூர் பஸ் வரும்வரை எனக்கு வயிறு எரியும். நீ பாட்டுக்கு, “அக்கா, உங்களைக் கண்டா பிள்ளைங்களுக்கு ஒரு மரியாதை” என்பாய். மரியாதை யாருக்கு வேண்டும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்து, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகப் படித்தேன். ‘ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது? – இன்சுலின்.’ நிமிர்ந்து உட்கார்ந்தேன். இன்னும் தேடினேன். மொத்தம் பதினொரு தப்பு, மெகரு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று மதியம் எனக்குச் சாப்பாடு அவ்வளவு ருசித்தது. சிவப்புப் பேனாவை எடுத்து எல்லாவற்றையும் திருத்தினேன். பக்கத்தில் இருந்த தமிழம்மாவிடம், “பாவம், அவசரத்துல எழுதியிருக்கா” என்று உச்சுக்கொட்டவும் செய்தேன்.

பதினொன்றில் ஒன்று எனக்கு ஏற்கெனவே தெரிந்த சீட்டு. ‘கிட்டப்பார்வையைச் சரிசெய்வது? – குவிலென்ஸ்.’ போன ஆகஸ்டில் அது ஸ்டாஃப் ரூமில் உன் மேசையிலிருந்து என் காலடியில் விழுந்தது. குழிலென்ஸ் என்று எட்டாவது படிக்கிறவளுக்குக்கூடத் தெரியும். உன்னிடம் காட்டியிருக்கலாம். நான் சீட்டோடு நேராக எச்.எம். அறைக்குப் போனேன். “மேடம், விளையாட்டுன்னு சொல்லி பிள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுக்கறாங்க, போர்டு எக்ஸாம் வருது” என்றேன். அவர் உன்னைக் கூப்பிட்டு என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய், எனக்குத் தெரியாது. சீட்டோடு திரும்பி வந்து, “யாரோ கவனமாப் பாத்திருக்காங்க அக்கா, நல்லதுதானே” என்றாய். அவ்வளவுதான். மதியம் என் மேசைமேல் ஒரு கடலை மிட்டாய் வைத்தாய். எதற்கு என்று கேட்டதற்கு, “உங்களுக்குக் கிடைக்க வேண்டியதுதான் அக்கா” என்று சிரித்தாய். ஐஸ் வைக்கிறாள் என்று நினைத்தேன். தின்றும்விட்டேன்.

நேற்று ‘பி’ பிரிவில் உன் டப்பாவோடு போய் நின்றேன். டப்பாவைப் பார்த்ததும் எல்லோரும் நோட்டிலிருந்து தாளைக் கிழித்தார்கள். அப்புறம் தாள் மடிக்கிற சத்தம். நான் சீட்டுகளை ஒவ்வொன்றாக, தெளிவாக, சரியாக வாசித்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, இவ்வளவு கவனமாக என்னை யாரும் கேட்டதில்லை. இருபது சீட்டு போனது, முப்பது போனது. ஒருத்தி ஒன்பது கட்டத்தையும் முடித்துவிட்டாள். கைதட்டல் வரவில்லை. எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள்.

பவானிதான் எழுந்தாள். ஆற்றோரத்து வீட்டை இடித்த பிறகு பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாளே, அவள்.

“இன்னா மிஸ், இன்னிக்குத் தப்பே வர்லியா?”

“தப்பு எதுக்குடி வரணும்?”

“மெகரு மிஸ் ஒவ்வொரு தபாவும் ஒண்ணு வேணும்னே தப்பா போடுவாங்க மிஸ். கண்டுபுடிச்சா பெஞ்சத் தட்டணும். சரியானதச் சொன்னா கல்ல முட்டாய். பின்னால பேரு எய்துவாங்க. திருப்பிப் பாருங்க, கீது.”

நான் திருப்பிப் பார்த்ததில்லை. திருத்துகிறவளுக்கு முன்பக்கம் போதாதா? திருப்பினேன். இன்சுலின் சீட்டின் பின்னால் உன் சின்ன எழுத்தில்: ‘பிடித்தது: பவானி, ரேஷ்மா.’ அதற்குள் பிள்ளைகள் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். தன் பேர், தோழி பேர், யார் எதைப் பிடித்தது என்று ஒரே அமளி. பெஞ்சைத் தட்டிச் சரியான விடையையும் கத்தினார்கள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, பாதிப் பாடம் திருப்புதல் ஆகிவிட்டது. அப்போதுகூட, சத்தியமாக, பொறாமைப்பட்டேன். செத்தும் நீதான் வகுப்பு எடுத்தாய்.

அப்புறம் பவானி குவிலென்ஸ் சீட்டைத் திருப்பினாள். சத்தமாக வாசித்தாள்.

“பிடித்தது: விஜயா அக்கா.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“மிஸ், நீங்களும் எங்க கிளாஸுக்கு வந்து ஆடினீங்களா?”

ஆமாம் என்றேன். அவர்கள் எனக்காகக் கைதட்டினார்கள், மெகரு. நாற்பது பேரும். இத்தனை வருஷமாக நான் ஏங்கிய கைதட்டல். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, இல்லாத எழுத்தை அழித்துக்கொண்டிருந்தேன்.

உனக்குத் தெரிந்திருந்தது. சீட்டு யார் கையிலிருந்து எச்.எம். மேசைக்குப் போனது என்று தெரிந்து, பேரும் எழுதி, மிட்டாயும் கொடுத்திருக்கிறாய். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை? எச்.எம்.மிடம், “இது விளையாட்டு மேடம்” என்றாவது சொன்னாயா? என்னைக் கேலி செய்தாயா, மன்னித்தாயா, இல்லை நிஜமாகவே விதிப்படி எனக்குச் சேர வேண்டியதைத் தந்தாயா? இரண்டு வகுப்புக்கும் வாசல் ஒரே வராந்தாவில்தான் இருக்கிறது. ஒருநாளாவது நான் வந்து எட்டிப் பார்த்திருக்கலாம்.

திங்கட்கிழமை இரண்டாவது பாடவேளை ‘பி’யோடு. அன்று சொல்லிவிடுகிறேன். நான் விளையாட வரவில்லை, உங்கள் மிஸ்ஸைப் பற்றிக் கோள் சொல்லப் போனேன் என்று. கைதட்டலைத் திருப்பி வாங்கிக்கொள்ளட்டும். எச்.எம்.மிடமும் சொல்வேன். பிறகு டப்பாவைத் திறப்பேன். என் கையெழுத்தில் ஒரு தப்பை எழுதிப் போட்டிருக்கிறேன், முகம் மாறாமல் வாசிக்க நேற்று இரவிலிருந்து கண்ணாடி முன்னால் பழகுகிறேன், வரவில்லை. ஆனாலும் வாசிப்பேன். பை நிறையக் கடலை மிட்டாய் வாங்கி வைத்துவிட்டேன். உன்னுடையதைவிட நல்ல தப்பு, பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
குவிலென்ஸைப் பிடித்த உன் அக்கா,
விஜயா