சோறு வடிச்சாச்சா?

இன்று காலை சோற்றுப் பானையைச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கஞ்சியின் ஆவி முகத்தில் அடித்தது. மகள் வாங்கிக் கொடுத்த குக்கர் அலமாரியில் சும்மா கிடக்கிறது. அதில் சோறு வேகும், ஆனால் வடிக்க முடியாது. எனக்கு வடித்தால்தான் சோறு. அந்த ஆவி அடிக்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் எங்கேயோ கரண்டியோடு நிற்பதுபோல ஒரு நினைப்பு வருகிறது. அதற்காகவே வடிக்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

பானை வடிந்துகொண்டிருக்கும்போதே பாக்கியம் அக்கா வாசலில் வந்து நின்றார்கள். நாம் பள்ளிக்கூட லைன் வீட்டில் இருந்த காலத்தில் அடுத்த கதவு, தோட்டக்காரர் சம்சாரம். இப்போது கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்கள், வாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. பானையைப் பார்த்ததும் வழக்கமான பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். "ஒன் வீட்டுக்காரர் நல்லவருதான், நான் இல்லங்கல. ஆனா ஆபரேசன் பண்ணுன ஒடம்போட ஒன்னயச் சோறு வடிக்க வச்சாரு பாரு, அத மட்டும் என்னால மறக்க முடியல எஸ்தரு."

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. கல்லறைக்கு வந்து பூப் போட்ட அன்றைக்கும் அக்கா இதைத்தான் சொன்னார்கள். அன்று பேசாமல் இருந்துவிட்டேன். இன்று எனக்குப் பொறுக்கவில்லை. என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். "ஒலை காயட்டும், என்ன அவசரம்" என்று நீங்கள்தானே சொல்வீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சீசன் கூட்டம் மலையேறுவதற்கு முந்தைய மாதம். மதுரையில் ஆபரேஷன் செய்து என் வலது மார்பை எடுத்துவிட்டார்கள். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது அக்குளுக்குக் கீழே ஒரு குழாயோடு அனுப்பினார்கள். உள்ளே ஊறும் நீர் அதன் வழியாக இறங்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேரும். கோயில் ஆர்மோனியத்தின் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான டப்பா. அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடினால் மெல்ல விரிந்து தானே உறிஞ்சிக்கொள்ளும். காலையும் மதியமும் அதைத் திறந்து, அவுன்ஸ் கிளாஸில் ஊற்றி அளந்து, குறித்து வைக்க வேண்டும். குழாய் அடைத்துக்கொள்ளாமல் விரலால் நீவிவிட வேண்டும். நர்ஸ் இதையெல்லாம் எனக்குத்தான் காட்டினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கற்றுக்கொண்டது நீங்கள்.

வத்தலக்குண்டு தாண்டி பஸ் வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் என் சால்வைக்கு அடியில் அந்த டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள், தளும்பும் குழம்புச் சட்டியைப் பிடிப்பதுபோல. அப்போதுதான் உங்களிடம் வாக்கு வாங்கினேன். லைன் வீடுகளில் ஒருவருக்கும் தெரியக் கூடாது, வயிற்றில் கட்டி என்றுதான் சொல்ல வேண்டும். "சரி" என்றீர்கள். உங்கள் "சரி"க்குப் பின்னால் வேறு பேச்சு இருக்காது. உப்புக் கூடிப்போச்சு என்று நான் எத்தனை தடவை சொல்லியும் ஒரு தடவைகூடச் "சரி" என்று சொல்லாத மனிதர் நீங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சனியனை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. கையில் பிடித்தால் எல்லோரும் பார்ப்பார்கள், தொங்கவிட்டால் இழுத்து வலிக்கும். நான் ஊக்கு தேடிக்கொண்டிருக்கையில் நீங்கள் தலையிலிருந்து உங்கள் கம்பளிக் குல்லாவைக் கழற்றினீர்கள். டப்பாவை அதற்குள் இறக்கி, பாவாடை நாடாவால் என் இடுப்பில் கட்டி, மேலே ஸ்வெட்டரை இழுத்துவிட்டீர்கள். ஒன்றுமே தெரியவில்லை. மறுநாள் வெள்ளனே அந்தக் குளிரில் வெறுந்தலையோடு விடுதிச் சமையலுக்குக் கிளம்பினீர்கள். வேறு குல்லா வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், "அடுப்படிச் சோலி பாக்குறவனுக்கு எதுக்குக் குல்லா" என்றீர்கள்.

விடுதிச் சமையலறையின் பின் ஜன்னலுக்கும் நம் வீட்டு வாசலுக்கும் முப்பது அடி இருக்கும். டப்பா நிறைந்துவிட்டதா என்று அங்கிருந்தே கேட்க உங்களுக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டது. இருநூறு பிள்ளைகளுக்கு வடிக்கிறவர் வாயில் வேறு எந்த வார்த்தை வரும்? பத்து மணிக்கு ஜன்னலில் தலை தெரியும். "எஸ்தரு! சோறு வடிச்சாச்சா?" நிறையவில்லை என்றால் "இப்பத்தான் ஒலை வச்சிருக்கேன்" என்பேன். நிறைந்திருந்தால் "பொங்குதுங்க!" என்பேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே ஓடி வருவீர்கள்.

முதல் நாளே பாக்கியம் அக்கா இதைக் கேட்டுவிட்டார்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஈரத்துணியோடு உங்களை மறித்தார்கள். "ஏங்க, ஆஸ்பத்திரியில இருந்து வந்து முழுசா ஒரு நாள் ஆகல. அந்தப் புள்ளயப் போயி சோறு வடிக்கச் சொல்றீங்களே, நீங்கள்லாம் மனுசரா?" நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடுவார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு, "பசி தாங்க மாட்டேங்க்கா" என்றீர்கள்.

அன்றிலிருந்து லைன் முழுக்க நீங்கள்தான் பேச்சு. அக்கா எனக்கு மட்டும் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து, "அந்த ஆளுக்கு ஒரு சொட்டு குடுக்காத" என்று எச்சரித்துவிட்டுப் போவார்கள். நீங்கள் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கிண்ணத்தைத்தான் வழிப்பீர்கள். "என்னயத் திட்டிக்கிட்டே வச்ச கொழம்பு, அதான் இம்புட்டு காரம்" என்பீர்கள்.

சிரித்தோம், உண்மைதான். ஆனால் குழாயை அளக்கும் நேரம் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. நீங்கள் சோப்புப் போட்டுக் கை கழுவும் சத்தம் கேட்டாலே உடம்பு சுருங்கும். பள்ளி மருந்தறைச் சிஸ்டர் ஒருத்திக்குத்தான் மலை மேலே விஷயம் தெரியும். "டூ டேஸ் தொடர்ந்து ஒரு அவுன்ஸுக்குக் கீழ வரணும், அப்பத்தான் டியூப் எடுப்பேன்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூன்று அவுன்ஸுக்குக் குறைய மாட்டேன் என்று அது அடம்பிடித்தது.

ஆறாம் நாள் நான் ஒரு வேலை செய்தேன். நீங்கள் வருவதற்குள் இடது கையாலேயே டப்பாவைத் திறந்து, பாதிக்கு மேல் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றி, மறுபடி அமுக்கி மூடிவிட்டேன். மதியம் நீங்கள் அளந்தீர்கள். கிளாஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தீர்கள்.

"நேத்து மூணு. இன்னைக்கு முக்காலா?"

"கொறஞ்சிருக்கு. நல்லதுதானே?"

"எஸ்தரு, நான் இருவது வருசமா வடிக்கிறவன். ஒரே நாள்ல இப்படி வத்தாது." பின்பக்கம் போய்ப் பார்த்தீர்கள். துவைக்கிற கல்லின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் காய்ந்து கிடந்தது. அதை நான் கவனிக்கவில்லை. திரும்பி வந்து, "ஏன்?" என்றீர்கள்.

அழக் கூடாது என்றுதான் இருந்தேன். "நீங்க பாக்குறது எனக்குப் பிடிக்கல. குழாய எடுத்துட்டா அப்புறம் நீங்க பாக்க வேண்டியதில்ல. இனிமே ஒருநாளும் பாக்க வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டேன்.

திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் அரிசி டின் மேல் உட்கார்ந்துகொண்டீர்கள். "நான் எங்க பாத்தேன்? கிளாஸத்தான் பாக்குறேன். மேல நிமிந்து பாக்க எனக்கும் தைரியம் இல்ல" என்றீர்கள். "ஆனா நீ இப்படிக் கீழ ஊத்திட்டு, சிஸ்டரும் குழாய உருவிட்டு, உள்ள தேங்கி ஏதாவது ஆயிருச்சுன்னா நான் எங்க போவேன்? எனக்குப் பயமாக் கெடக்கு எஸ்தரு."

என் பயம் எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் பயம் என்று கேட்டதும், எப்படிச் சொல்வது, குளிர் விட்டதுபோல இருந்தது. பிறகு நீங்களே கேட்டீர்கள். "ரெண்டு பேரும் சேந்து பாத்துருவமா?"

கதவைத் தாழிட்டீர்கள். சவரக் கண்ணாடியை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். சிஸ்டர் கட்டியிருந்த பஞ்சை மெல்ல விலக்கினேன். இரண்டு பேரும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் பார்த்தோம். வெளியே மூடுபனி இறங்கி, பட்டப்பகலிலேயே வீடு மங்கலாக இருந்தது. நீங்கள் கண்ணாடியை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பினீர்கள். பிறகு, "அரிசி மூட்டை வாய் மாதிரி நல்லா நெருக்கமாத் தைச்சிருக்காங்க" என்றீர்கள்.

எந்தப் புருஷன் பெண்டாட்டியிடம் இப்படி ஒரு வார்த்தை சொல்வான்? சிரித்தேன். தையல் இழுத்து வலித்தது. வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சுவருக்கு அந்தப் பக்கம் பாக்கியம் அக்கா என்ன நினைத்தார்களோ.

அதற்குப் பிறகு பத்து நாள் அந்தக் குழாய் இருந்தது. நான் ஒரு சொட்டுகூடக் கீழே ஊற்றவில்லை. நீங்களும் கிளாஸை மட்டும் பார்க்கவில்லை. கடைசியில் இரண்டு நாள் தொடர்ந்து ஒரு அவுன்ஸுக்குக் கீழே வந்தது. சிஸ்டர், "மூச்ச இழுங்க" என்று சொல்லிச் சட்டென்று உருவி எடுத்தார். மருந்தறை வாசலில் நின்றிருந்த நீங்கள் குல்லாவை வாங்கித் துவைக்காமலே தலையில் மாட்டிக்கொண்டீர்கள். துவைத்த பிறகும் அதில் ஒரு கறை போகவே இல்லை. இந்த மார்கழி முழுக்க அதைத்தான் நான் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் போக வேண்டியவள் நான்தான் என்று இரண்டு பேரும் சொல்லாமலே நினைத்திருந்தோம். நான் இருந்துவிட்டேன். நீங்கள் ஒரு காய்ச்சலில் வெரசாகப் போய்விட்டீர்கள். பெண்டாட்டியைப் பச்சை உடம்போடு சோறு வடிக்க வைத்தவன் என்ற பேரையும் கூடவே எடுத்துக்கொண்டு போனீர்கள். உங்கள் "சரி" அவ்வளவு உறுதி. மாற்றிச் சொல்லும்படி உங்களை ஒரு நாளாவது விட்டிருக்கலாம். நான் விடவில்லை. அதற்காக என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை பாக்கியம் அக்காவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். "நான் சோறு வடிக்கவே இல்லக்கா" என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மார்பு என்ற சொல்லையும் சொன்னேன். சொன்ன பிறகும் வீடு இடிந்து விழவில்லை. அக்கா வாயில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். "பசி தாங்க மாட்டேன்னு சொன்னாரேடி..." என்றார்கள். பிறகு, "ஒரு சொட்டு கொழம்பு குடுக்க விடலயே நான்" என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் அந்தக் கிண்ணத்தை வழித்து நக்கிய கதையைச் சொன்ன பிறகுதான் அழுகை நின்றது.

மதியம் அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு மறுபடியும் வந்தார்கள். தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பு. அந்தக் கையால் இப்போது சட்டியைத் தூக்குவதே பெரும்பாடு. மேசையில் வைத்துவிட்டு, "இது அவருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

சோறு வடிச்சாச்சுங்க. குழம்பு மேசை மேல் இருக்கிறது. இந்தத் தடவை காரமே இல்லை.