அப்பா பெயரில் ஒரு சோதனை

சிங்கப்பூர்
14.9.1998

அன்புள்ள அப்பாவுக்கு உலகம்மாள் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

ஒரு சின்ன விஷயம், பதற வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டரையும் இறந்தவர் வீட்டுக்கு அனுதாபக் கடிதம் அச்சடிக்கும் கம்ப்யூட்டரையும் இணைப்பது என் வேலை. முதலில் சோதித்துப் பார்க்க, என் மேசையில் அந்த இணைப்புக்கு ஒரு நகல் அமைத்தேன். சோதனைக்கு இறந்துபோன ஒருவர் தேவைப்பட்டார். எனக்கு மனப்பாடமான விலாசம் விக்கிரமசிங்கபுரம் வீடு ஒன்றுதான். உங்கள் பெயரைப் போட்டுவிட்டேன். நகலில் நிஜ அச்சுக் கம்ப்யூட்டரைக் காட்டும் ஒரு வரியை மாற்ற மறந்ததால், உங்கள் மறைவுக்கு வருந்தும் இங்கிலீஷ் கடிதம் நிஜமாகவே அச்சாகி, அம்மா பெயருக்குத் தபாலில் போய்விட்டது.

அம்மா அதைத் தபால்கார அண்ணாச்சியிடம்தான் நீட்டுவாள். அவரும் "எக்கா, இங்கன உக்காருங்க" என்று தெருவிலேயே வாசித்துச் சொல்வார். இது விரைவுத் தபால், முந்திவிடும். வீட்டுக்கு வந்தால் இதுவும் அம்மா கையில் சிக்கும் என்றுதான் உங்கள் மில் விலாசத்துக்கு அனுப்புகிறேன். தபாலாபீசுக்கே போய் அதை வாங்கிக் கிழித்துவிடுங்கள். நாலு பேர் நிற்கும் நம் தெருக் கடை போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சோதனைக்காக உங்கள் பெயரில் நான் நிரப்பிய படிவத்தில் 'அவரோடு கடைசியாகப் பேசிய தேதி' என்று ஒரு கட்டம் இருந்தது. எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை அப்பா. காலியாக விட்டேன். கம்ப்யூட்டர் ஒன்றும் கேட்கவில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடை போனுக்கு வாருங்கள். திட்டவும் செய்யுங்கள். அதற்கு முன்னால் "ஏட்டி, சாப்ட்டியா" என்று ஒரு தடவை கேளுங்கள்.

உங்கள் மகள்
உலகம்மாள்