கிரெனடாவில் நீங்கள் மறைத்த செய்தி

எவ்வளவு கோபம் இருந்தாலும் என் அன்பு அண்ணாவுக்கு,

மாரடைப்பில் போன உங்களைக் கிரெனடாத் தீவிலேயே அடக்கம் செய்துவிட்டு ரொறன்ரோவில் மோர்னிங்சைட்டுக்குத் திரும்பி ஒன்பது நாளாகிறது. பயணப் பெட்டியை இன்னும் திறக்கவில்லை.

கனடாவில், பிறம்ரனில் லொறி ஓட்டியது போதும் என்று நீங்கள் அந்த மூன்று ஏக்கர் கொக்கோத் தோட்டத்துக்குப் போனபோது சொந்தக்காரர் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. காய் உடைப்பதையும், விதையை மரப்பெட்டியில் புளிக்கவைப்பதையும், பக்கத்து வளவு மார்வாவோடு சேர்ந்து வெயிலில் காயப்போடுவதையும் போனில் கேட்டுக் கேட்டு மகிழ்ந்தவள் நான்.

வன்னியில் சண்டை முற்றியபோது நான் வீடு மாறியதில் போன் நம்பரும் மாறியிருந்தது. அங்கே அகப்பட்டிருந்த எங்கள் தம்பியிடம் இருந்தது உங்கள் நம்பர் மட்டும்தான். நாள் தவறாமல் உங்களைக் கேட்டேன்.

"தம்பி எடுத்தவனோ அண்ணா?"

"இல்லையடி பிள்ளை. லைன் இல்லையாக்கும். விதை கிளறுற நேரம், பிறகு கதைக்கிறன்."

நம்பினேன். சண்டையை நிறுத்தச் சொல்லி, அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு ரொறன்ரோத் தெருவில் மழையிலும் நின்றேன். சண்டை முடிந்த பிறகு அகதி முகாம்களின் பெயர்ப் பட்டியல்களில் தேடினேன். யூன் மாதம், அவன் சுகமாக வரவேண்டும் என்று மாதா கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தேன். அதையும் உங்களிடம் சொன்னேனே! "நல்லது பிள்ளை" என்றீர்களே!

உங்கள் செத்தவீட்டன்று மார்வா என் கையைப் பிடித்துக்கொண்டு தன் இங்கிலீசில் சொன்னாள்: "உன்ரை தம்பி செத்த செய்தி வந்த அண்டைக்கு விதைப் பெட்டிக்குப் பக்கத்தில இருந்தவர் எழும்பவேயில்லை. நாலு நாள் கிளறயில்லை. முழுக்கப் பூஞ்சணம்."

"எப்ப?"

"அந்தச் சண்டை வருசம், ஈஸ்டருக்கு அடுத்த கிழமை."

ஈஸ்டர், அண்ணா! நான் பூசை கொடுத்ததற்கு இரண்டு மாதம் முன்னமே!

மார்வாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக்கூடாதா? நான் உடைந்துபோவேன் என்று பயந்தீர்களா? அல்லது என் அழுகையைக் கேட்க உங்களுக்குத் தைரியம் வரவில்லையா? செத்தவனுக்கு உயிர்ப்பிச்சை கேட்டு முழங்காலில் நின்றேனே, அதை எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்? எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான துக்கத்தை நீங்கள் மட்டும் வைத்துக்கொண்டீர்கள்.

தோட்டத்தை விற்றுவிடத்தான் நினைத்தேன். நேற்று மார்வா போன் எடுத்தாள். காய் பழுத்து நிற்கிறதாம், எலி கடிக்கத் தொடங்கிவிட்டதாம்.

"நீ வெட்டத் தொடங்கு மார்வா, நான் வாறன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், தோட்டத்தை விற்கப்போவதில்லை என்று எனக்கே விளங்கியது. வேலையில் லீவும் கேட்டாயிற்று.

உங்கள் மரங்களைச் சாகவிட மாட்டேன். அது சத்தியம். உங்களை மன்னிப்பேன் என்று மட்டும் இப்போது வாக்குத் தர முடியாது.

மூவரில் மிஞ்சியிருக்கும்
உங்கள் தங்கச்சி