இரண்டு நாற்பத்தொன்று

என்னங்க,

நீங்களும் நம் வாலுப்பெண்ணும் சுகம்தானே? உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், தலைதான் சுற்றுகிறது.

நான் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி டேட்டாபேஸுக்கு இரண்டு சர்வர்கள். ஒன்று வேலை செய்யும். மற்றது அதில் பதிவதை அப்படியே நகலெடுத்துக்கொண்டு காத்திருக்கும். முதலாவது நொடிக்கொரு தரம் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வராவிட்டால், முதலாவது செத்துவிட்டதென்று நினைத்து இரண்டாவது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். செவ்வாயன்று நடுவிலிருந்த கேபிள் கழன்றுவிட்டது. முதலாவது உயிரோடுதான் இருந்தது, அதன் "இருக்கேன்" மட்டும் போய்ச்சேரவில்லை. இரண்டும் டோக்கன் கொடுக்க, நாற்பத்தொன்றாம் நம்பரோடு இரண்டு பேர் டாக்டர் அறை வாசலில் மல்லுக்கு நின்றார்கள்.

"எதும்மா நிஜம்?" என்றார் மேனேஜர்.

"ரெண்டுமே நிஜம்தான் சார்."

முறைத்தார். பேக்கப் இருக்கிறது, ஆனால் அது காலை ஆறு மணியோடு நின்றுவிடும். அதன்பிறகு வந்ததில் எதை வைப்பது, எதை அழிப்பது? இன்னும் புரியவில்லை.

வீட்டுக் கதையும் அப்படித்தான். நாம் பேசாத மூன்று நாளில், முடி வெட்டிக்கொள்ளட்டுமா என்று நம் பெண் என்னிடம் கேட்டாள், வேண்டாமென்றேன். உங்களிடமும் கேட்டிருக்கிறாள், சரியென்றிருக்கிறீர்கள். கோபமில்லை. அவள் அனுப்பிய போட்டோவில் ஒரு நொடி அவளை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவள் கழற்றிப் போட்ட ரிப்பனை அனுப்பிவையுங்கள். தினமும் "இருக்கேன்" என்று ஒரு வார்த்தை போடுங்கள். இல்லாவிட்டால், நீங்கள் இல்லாமலே எல்லாம் முடிவு செய்ய நான் பழகிவிடுவேன்.

மேனேஜர் கூப்பிடுகிறார்.

இருக்கேன்.