முப்பத்திரண்டு அங்குலத் திரை

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நெற்றித் தையல் ஆறியதா? போன முறை ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "கதவுல இடிச்சுக்கிட்டேன்க்கா" என்றாய். கதவுக்கு ஐந்து விரல் கிடையாது. உன் கழுத்தில் ஐந்தும் பதிந்திருந்தன. சரி, நீ சொல்லமாட்டாய். எனக்கும் கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது.

நம் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நீ பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த அதே கிழம்தான். கல்யாண வீடியோவை முடித்து வெளியே எடுக்கப் போட்டால் பாதியில் விறைத்து நிற்கிறது. பெண்ணின் அம்மா கடைக்கே வந்து, "என் பேரப்புள்ள நடந்து வந்து வாங்கிக்கட்டும்னு இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எனக்குப் பாகம் சேர்க்கத் தெரியாது. ரெடிமேடாக ஒன்று வாங்கப் போகிறேன். கடையில் மூன்று காட்டினார்கள். ஒன்றில் ரேம் பதினாறு, ஒன்றில் முப்பத்திரண்டு. மூன்றாவது கண்ணாடிப் பெட்டி. உள்ளே கலர் கலராக விளக்கு. எதை எடுக்க? திரை மட்டும் முப்பத்திரண்டு அங்குலம் வேண்டும். விவரமாக எழுது.

உன் அக்கா

பிப்ரவரி 15

அன்பு அக்காவுக்கு,

ரெடிமேடா? நான் உயிரோடு இருக்கும்போதேவா? போகட்டும், கேட்டுக்கொள்.

விளக்குப் பெட்டி வேண்டாம். விளக்கு படம் திருத்தாது. ரேம் முப்பத்திரண்டுக்குக் குறையக் கூடாது. பின்னால் கூட்ட இடமிருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து காட்டச் சொல். திறக்கமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடு. வீடியோவுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம். நடக்கிற வேலைக்கு வேகமான எஸ்எஸ்டி, முடிந்ததைப் போட்டுவைக்கப் பெரிய ஹார்டு டிஸ்க். ரெடிமேட்காரன் கைவரிசை காட்டுகிற இடம் பவர் சப்ளை. கண்ணுக்குத் தெரியாது அல்லவா, மட்டமானதைச் செருகிவிடுவான். திரை வாங்கும்முன் உன் கையைப் படமெடுத்து அதில் போட்டுப் பார். கத்திரிக்காய் நிறத்தில் தெரிந்தால் வேண்டாம்.

இங்கே போன வாரம் தண்ணீர் வரிசையில் ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்துத் துப்பினான். விலக்கத்தான் போனேன். கடித்தவனின் இரண்டு பல் என் கைமுட்டியில் குத்தி நின்றது. கை தானாகப் போகிறது அக்கா.

அத்தனை பெரிய திரை எதற்கு? உனக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது?

கடைசியாக ஒன்று. பழைய பெட்டியிலிருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிச் சுத்தியால் நொறுக்கிவிடு. புதியதில் ஏற்றாதே. ஏன் என்று உனக்குத் தெரியும்.

உன் தம்பி

மார்ச் 1

அன்புள்ள தம்பிக்கு,

நடு மாடலை வாங்கிவிட்டேன். பெட்டியைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைக்காரர், "கம்ப்யூட்டர் வாங்க வந்தீங்களா, ஆபரேஷன் பண்ண வந்தீங்களா?" என்றார். பவர் சப்ளை நல்லதுதான். நாலு மணி நேர வீடியோ அரை மணியில் வெளியே வந்துவிட்டது.

திரையைப் பற்றிக் கேட்டாயே. உட்கார்ந்து படி. அது எனக்கில்லை. கல்யாண மண்டபத்தில் உன்னால் கண் போன, மாப்பிள்ளை வீட்டுக் கேமராக்காரருக்கு.

ஜனவரியில் அவரே வந்தார். "வேலை இருக்கா?" என்றார்.

"உங்களுக்கா?"

"ஒத்தைக் கண்ணை வெச்சுக்கிட்டு கூட்டத்துல கேமரா தூக்க முடியலைங்க. படி எங்க முடியுதுன்னு தெரியாம ரெண்டு தடவை விழுந்துட்டேன். உக்காந்த இடத்துல படம் திருத்துவேன்."

"அதுக்கு எங்ககிட்டயா வரணும்?"

"மத்த ஸ்டுடியோல எல்லாம் பாவம் பாக்கறாங்க. நீங்க பாக்க மாட்டீங்கன்னு வந்தேன்."

உன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அவர்தான் முதலில் உன் சட்டையைப் பிடித்தார் என்று சாட்சிக் கூண்டில் நான் சொன்னபோது, அவர் எதிரேதான் உட்கார்ந்திருந்தார், கண்ணில் பஞ்சோடு. இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சின்னத் திரையில் நாலு மணி நேரம் பார்த்தால் மிச்சமிருக்கும் கண்ணிலும் நீர் கொட்டுகிறது. அதனால்தான் பெரியது.

கோபப்படுவாய். பட்டு முடித்துவிட்டு யோசி. டிஸ்க்கை நொறுக்கச் சுத்தி எடுத்தேன். மனம் வரவில்லை.

அக்கா

மார்ச் 12

அக்கா,

இதை எந்த அதிகாரியும் படிக்கமாட்டார். விடுதலையாகிப் போகிறவன் ஒருவன் செருப்புக்குள் வைத்துக் கொண்டுவருகிறான்.

என் நாற்காலியில் அவனா? உன்னைப் பற்றி அன்றைக்கு மண்டபத்தில் அவன் என்ன சொன்னான் என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன். உன் மானத்துக்காகத்தான் லைட் ஸ்டாண்டைத் தூக்கினேன். நீ அவனுக்குத் திரை வாங்கித் தருகிறாய். உன் கடிதம் படித்த அன்று என் அறைக்காரன் "என்னடா முகம் வெளுத்துப்போச்சு?" என்று சிரித்தான். சாப்பாட்டுத் தட்டை அவன் வாயில் இறக்கினேன். எட்டு நாள் இருட்டறை. அங்கே நான் நினைத்ததெல்லாம் அந்தக் கேமராக்காரனின் இன்னொரு கண்ணைத்தான்.

இந்த மாதத்துக்குள் அனுப்பிவிடு. இல்லையென்றால் வெளியே இருக்கும் என் சிநேகிதன் மொட்டை வருவான். டிஸ்க்கையும் அவனே பார்த்துக்கொள்வான்.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

உன் சிநேகிதன் மொட்டை செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வந்தான். இரும்புக் குழாயோடு.

முதல் அடி திரைக்கு. கேமராக்காரர் நாற்காலியோடு பின்னால் விழுந்தார். விழுந்தவர் தலையை மறைக்கவில்லை. இரண்டு கையாலும் அந்த ஒரு கண்ணை மட்டும் பொத்திக்கொண்டார். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். குழாய் அந்தக் கைமேல்தான் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பிறகு மொட்டை பெட்டியை உதைத்தான். நான் கேமரா ஸ்டாண்டை எடுத்து அவன் முழங்காலில் அடித்தேன். விழுந்தான். விழுந்த பிறகும் அடித்தேன். தோளில், விலாவில், காதோரம். "அக்கா, விடுக்கா" என்று கத்தினான், விடவில்லை. கை தானாகப் போகிறது என்று எழுதினாயே, அது பொய் தம்பி. நான்தான் ஓங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் நானேதான் ஓங்கினேன்.

நிறுத்தியது யார் தெரியுமா? தரையில் கிடந்தபடியே அவர், "போதும்மா. செத்துடுவான். விட்டுருங்க" என்றார்.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு அவர் பக்கத்தில் இருக்க, பழைய டிஸ்க்கை இரவல் லேப்டாப்பில் மாட்டி அந்தக் கல்யாண மண்டபத்து வீடியோவைத் திறந்தேன். என் கேமரா அன்று ஓடிக்கொண்டிருந்தது உனக்கும் தெரியும். மூன்று வருடமாக எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. என்னைப் பற்றி அவர் சொன்ன அசிங்கம் அதில் கேட்டுவிடும் என்று பயம். நீ சொன்னதை நம்பித்தான் கூண்டேறிப் பொய் சொன்னேன்.

அவர் சொன்னது இதுதான்: "கொஞ்சம் நகருங்க தம்பி, பொண்ணு முகம் மறையுது."

அவ்வளவுதான். சொல்லிவிட்டுத் திரும்பிப் படமெடுக்கப் போனார். நீ பக்கவாட்டிலிருந்து வந்தாய்.

அந்த வீடியோ, நீ செருப்பில் அனுப்பிய கடிதம், நான் பொய்ச் சாட்சி சொன்னேன் என்ற வாக்குமூலம், மொட்டையை அடித்த கதை, எல்லாவற்றையும் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டேன். என்மேலும் வழக்கு வரும். வரட்டும். இனி உன்னைப் பார்க்க வரமாட்டேன்.

அக்கா

ஜூன் 20

அக்காவுக்கு,

அதிகாரி அறையில் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். ஆறாவது தடவை அவர்களே நிறுத்திவிட்டார்கள். மூன்று வருடமாக என் காதில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டே இருந்தது. அது அதில் இல்லை. யார் சொன்னது என்று யோசித்தேன். நான்தான் போலிருக்கிறது.

மொட்டையை ஏவியது நான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் சில வருடம் கூடும். நீ பதில் எழுத வேண்டாம்.

பெட்டி உதை வாங்கியது என்றாயே. அப்படியே மின்சாரம் கொடுத்துவிடாதே. திறந்து, கிராஃபிக்ஸ் கார்டு இடம் விட்டு நகர்ந்திருக்கிறதா பார். அடிபட்டதற்கு வாரண்டி வராது. திரை புதிதாகத்தான் வாங்க வேண்டும். பளபளப்பானது எடுக்காதே, ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து கூசும். எந்த உயரத்தில் வைத்தால் அவருக்குக் கண் வலிக்காது என்று அவரையே கேட்டு வை.

தம்பி