திங்கட்கிழமை ஒத்திகை

அம்மாவுக்கு,

உனக்கு இடம் கிடைத்துவிட்டது! நீ நடிக்க விண்ணப்பித்திருந்த நாடகக் குழுவின் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. பிரித்துப் படித்துவிட்டுப் பாப்பாவின் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தது நான்தான். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை ஒத்திகை தொடங்குகிறது. அன்றைக்குத்தான் என் பிரசவ விடுப்பும் முடிகிறது. "பாப்பாவ நான் பாத்துக்கறேன், நீ தைரியமா வேலைக்குப் போடி" என்று நீ சொன்னதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் உட்கார்ந்து, யார் யாரோ பேசியதைத் தட்டச்சு செய்துவிட்டு ஓய்வு பெற்றவள் நீ. இன்று மதியம் பாப்பாவுக்கு ஊட்டும்போது நீதிபதி குரலில், "சாட்சி வாயைத் திறக்கணும்! இல்லன்னா கோர்ட் அவமதிப்பு!" என்று அதட்டினாய். அவள் சிரித்த சிரிப்பில் மசித்த பழம் உன் கண்ணாடியெல்லாம் தெறித்தது. "பாத்தியாடி, அறுபது வயசுல எனக்கு ஒரு ரசிகை!" என்றாய்.

மாடிக்கு ஓடிக் குழுவுக்குப் போன் செய்தேன். நீ பேசுவதுபோலவே பேசி, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன் அம்மா!

"குரல்ல கொஞ்சம் பயம் தெரியுதும்மா. பரவாயில்ல, மேடை ஏறினா போயிடும்" என்றார் இயக்குநர்.

பாப்பாவுக்கு என்ன ஏற்பாடு என்று இன்னும் தெரியவில்லை. அதை நானும் உன் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்கிறோம். அந்தப் பயம் என்னுடையது. நீ அதைத் தூக்கிக்கொண்டு போகாதே.

உன் மகள்