ஏழாவது இன்னிங்ஸில் நான் வாயைத் திறந்தேன்

மே 6, 1986

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அம்மாவிடம். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள்.

இன்று காலை அப்பாவால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடக்கின்றன. பந்து வீசுகிற கை. நான்தான் போட்டுவிட்டேன்.

"எத்தனை நாளாப்பா?"

"ஏப்ரல்லேர்ந்து. அம்மாகிட்ட மூச்சு விடாதே கண்ணு. டீமுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே பெட்டியக் கட்டச் சொல்லிடுவாங்க."

அப்பாவுக்கு முப்பத்தாறு வயது. பதினான்கு வருடத்தில் பதினோரு பேஸ்பால் அணி. எனக்கு ஏழு பள்ளிக்கூடம். எல்லா ஆட்டக்காரரும் கனவு காணும் மேல் லீக்கில் அவர் இருந்தது மொத்தமே பத்தொன்பது நாள்.

சத்தியம் செய்துவிட்டேன்.

மே 9

அப்பா இடது கையால் முள்கரண்டி பிடிக்கிறார். "என்ன வேட், புது ஸ்டைலா?" என்று அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

மே 13

ஆட்டத்தில் அப்பாவின் பந்தைப் பிடிக்கும் கேட்சர் டெல்காடோ சாப்பிட வந்திருந்தார். "கிழவா, சனிக்கிழமை மேல் லீக்லேர்ந்து ஆள் வர்றான். உன்னைப் பார்க்கத்தான். பல் செட்டை மறக்காம மாட்டிக்கிட்டு வா."

அம்மா கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே அப்பா என்னைப் பார்த்தார்.

மே 15

டாக்டரிடம் போனால் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். "சனிக்கிழமை ஆட்டம் முடியட்டும் கண்ணு."

மே 17, சனி

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில், ஆறு இன்னிங்ஸ் வரை எதிரணியால் அப்பாவின் பந்தில் ஒரு அடிகூட அடிக்க முடியவில்லை. அப்படி ஓர் ஆட்டம் போகும்போது அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. வீசுகிறவரிடம் பேசவே கூடாது. பேசினால் ராசி போய்விடும். நடக்கத் தெரிவதற்கு முன்பே எனக்கு இந்தச் சட்டம் தெரியும். பெஞ்சில் அப்பாவின் இரண்டு பக்கமும் காலி. ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அதனால் அந்தக் கையையும் ஒருவரும் பார்க்கவில்லை.

நான் வேலிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். பந்தை இடது கையால் எடுத்து வலது கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

ஏழாவதில் ஒரு பந்து நழுவி, மட்டை பிடித்தவர் தலையை உரசிக்கொண்டு போனது. பயமுறுத்தத்தான் போட்டார் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

இன்னிங்ஸ் முடிந்ததும் பெஞ்சுக்கு அருகே ஓடினேன். டெல்காடோ பல்லைக் கடித்தார். "கோரி, போய் உக்காரு. ஒரு வார்த்தை பேசினே, தொலைச்சிடுவேன்."

அணியின் மேனேஜர் புரூயிட்டைப் பார்த்துக் கத்திவிட்டேன். "எங்கப்பாவுக்கு விரல்ல உணர்ச்சியே இல்ல! இனிமே போட விடாதீங்க!"

புரூயிட் எழுந்து வந்து அப்பாவின் சுண்டுவிரலை நகம் பதியக் கிள்ளினார். அப்பாவின் முகம் மாறவில்லை. அவ்வளவுதான்.

எட்டாவதில் அப்பாவுக்குப் பதில் வேறு ஆள் வீசினார். முதல் பந்திலேயே அடி. தோற்றோம். மேல் லீக் ஆள் எட்டாவது முடியுமுன்பே நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

காரில் அப்பா பேசவில்லை. மேல் லீக்கில் அந்தப் பத்தொன்பது நாள் இருபது ஆகியிருக்குமே. நான் என்ன காரியம் பண்ணிட்டேன்?

மே 18

இன்றும் பேசவில்லை.

மே 19

பள்ளியில் என் பெஞ்சில் என் இரண்டு பக்கமும் காலி.

அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டு வந்த அம்மா, போனில் அத்தையிடம் சொன்னாள்: முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் கை பிழைக்கும், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரல்கள் அப்படியே மடங்கி நின்றிருக்கும். பந்து வீசுவதைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லையாம். அப்பாவும் கேட்கவில்லையாம்.

திட்டிவிட்டால்கூடத் தேவலை. சத்தியத்தை மீறியவள் நான்தானே.

வெளியே காலடிச் சத்தம். அப்பாதான். கதவைத் தட்டுகிறார்.

"கோரி, முழிச்சிருக்கியா? இந்தப் பொத்தானைக் கொஞ்சம் கழட்டி விடேன்."

அம்மா பக்கத்து அறையில் விழித்துத்தான் இருக்கிறாள். என்னைத்தான் கூப்பிடுகிறார்.